புதுப் படகு மோட்டாருக்கு முதல் 10 மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கண்மாயையும் ஊருணியையும் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுக்காரன் ஒருவன் படகு மோட்டாரைப் பற்றிக் கடிதம் எழுதுவது தங்கள் வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தேவகோட்டையில் பேருந்து ஏறித் திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் வெயில் ஏறுவதற்குள் தொண்டிக் கடற்கரையில் இறங்கிவிடலாம். கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்க் கடை வைத்த ஊர்க்காரர்களுக்குக் கடல் அந்நியமானதும் அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் சிலர் தொண்டி, நம்புதாளை, எஸ்.பி.பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கங்களில் படகு மோட்டார் பழுது பார்க்கிறார்கள். தங்களால் பிடிபடாத பழுது வரும்போது மோட்டாரைச் சாக்கில் சுற்றி வண்டியிலேற்றி என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

அப்படி வரும் மோட்டார்களில் வாங்கி ஓராண்டு கூட நிறையாதவை இருப்பதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. நீலப்புகை தள்ளுகிறது, ஆயிலைக் குடிக்கிறது, காலையில் கயிற்றைப் பத்து முறை இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்பவையே பெரும்பாலும் புகார்கள். உரிமையாளர்கள் கம்பெனியைத் திட்டுகிறார்கள். இப்போது வருவதெல்லாம் தகரம் என்கிறார்கள். திறந்து பார்த்தால், குறை பெரும்பாலும் பொருளில் இல்லை. அது கடலைப் பார்த்த முதல் நாளில் இருக்கிறது.

புது மோட்டார் கரைக்கு வரும் நாள் எங்கள் பக்கத்தில் ஒரு சிறு திருவிழா. சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம் என்று செய்பவர்களும் உண்டு. பள்ளிவாசலில் துவா ஓதியோ மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியோ வருபவர்களும் உண்டு. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான், மாமன், சிறுவர்கள் என்று ஏழெட்டுப் பேர் படகில் ஏறிக்கொள்ள, கரையில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று கைப்பிடியை முடிந்த மட்டும் முறுக்கி, படகின் முன்பகுதியான அணியம் தண்ணீரை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒரு நாளும் ஓடியிராத எந்திரத்தை அரை மணி நேரம் அலற விடுகிறார்கள். வாங்கியவரின் மகிழ்ச்சியும் விற்றவரின் பெருமையும் சேர்ந்து மோட்டாரின் ஆயுளில் பாதியை அன்றைக்கே தின்றுவிடுகின்றன.

இதை ஊரார் கதையாகச் சொல்லவில்லை. தொண்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காளின் மகன், நண்டு வலைக்குப் போவதற்காக 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, அதற்கு 9.9 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டாரை, புதிதாக வாங்கினான். மோட்டாரைக் கொண்டுவந்த கடைக்காரரின் ஆள், அதைக் கரையிலேயே ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, தண்ணீரில் இறக்காமலேயே ஸ்டார்ட் செய்து, ‘பாருங்கள், ஒரே இழுப்பில் எழுந்துவிட்டது’ என்று காட்டினார். நான் அன்று அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்தக் கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன். அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது; தண்ணீருக்குள் இறங்கும் கீழ்க்காலில் உள்ள இம்பெல்லர் என்னும் சிறு ரப்பர்ச் சக்கரம் கடல் தண்ணீரையே உறிஞ்சி மேலே அனுப்பித்தான் எந்திரம் குளிர்கிறது. அந்த ரப்பருக்கு வழுவழுப்பைத் தருவதும் அதே தண்ணீர்தான். தண்ணீரில்லாமல் ஓடினால் அதன் இதழ்கள் சில நொடிகளிலேயே உலோகச் சுவரில் உரசிச் சூடேறிக் கிழியத் தொடங்கிவிடும். அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டதாக என் மருமகன் சொன்னான்.

பிறகு வழக்கமான சவாரி. படகில் எட்டுப் பேர். மோட்டாரின் கழுத்துக்குக் கீழே பக்கவாட்டில் பீய்ச்ச வேண்டிய குளிர்நீர்த் தாரை பென்சில் பருமனிலிருந்து நூலாகச் சுருங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. அதன்பின் 40 மணி நேரம் ஓடியிருக்கும், மோட்டார் என் திண்ணைக்கு வந்தது. இம்பெல்லரின் மூன்று இதழ்கள் இல்லை. அவற்றின் துணுக்குகள் மேலே போய்த் தண்ணீர்ப் பாதையில் அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு சிலிண்டர்களில் ஒன்றின் உட்சுவரில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் கோடுகள். வாரண்டி கேட்டுப் போனபோது, அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறீர்கள், கையேட்டைப் படிக்கவில்லையா என்று பதில் வந்தது. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தண்ணீரில்லாமல் ஓட்டக்கூடாது என்று அதே கையேட்டில் எழுதியிருந்ததை ஓட்டிக்காட்டியவருக்குச் சுட்டிக்காட்டியும் பயனில்லை.

புது எந்திரத்தை ஏன் பழக்க வேண்டும் என்பதை வகுப்பில் நான் அம்மிக்கல்லை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். புதிதாகக் கொத்திய அம்மியில் யாரும் நேரே மிளகாய் வைத்து அரைப்பதில்லை. முதலில் தவிட்டையோ நொய்யையோ வைத்து அரைத்து, கல்லும் மண்ணுமாக வருவதை வழித்து எறிந்து, அம்மியும் குழவியும் ஒன்றுக்கொன்று படியும் வரை பொறுத்திருந்து, அதன்பின்தான் சமையலுக்கு எடுப்பார்கள். சிலிண்டரும், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கும் அப்படித்தான். கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெரியும் புதுச் சிலிண்டரின் உட்சுவரில், ஹோனிங் செய்யும்போது, அதாவது சுவரை நுணுக்கமாகத் தேய்த்து முடிக்கும்போது, வேண்டுமென்றே விடப்பட்ட நுண்ணிய கோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. அந்தக் கோடுகள் ஆயிலைப் பிடித்து வைக்கும். அவற்றின் மேடுகள் புது ரிங்கைத் தேய்க்கும், ரிங் அவற்றைத் தேய்க்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்துவிட்டால், எரிந்த வாயு கீழே இறங்காது, ஆயில் மேலே ஏறாது. இந்தப் படிமானம் முதல் சில மணி நேரத்தில் நடந்தால்தான் உண்டு. மேடுகள் வழுவழுப்பாகி ரிங் படியாமலே போய்விட்டால், பிறகு எத்தனை மெதுவாக ஓட்டினாலும் பயனில்லை; பிரித்து மறுபடி ஹோனிங் செய்யத்தான் வேண்டும்.

இங்கே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஒரு கட்சி, நான் மேலே சொன்ன அலற விடும் கட்சி. இன்னொன்று, பெரும்பாலும் என் வயதுக்காரர்களின் கட்சி. அந்தக் காலத்தில் புது அம்பாசடர் காரின் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டி, காரைக்குடியிலிருந்து மதுரைக்கு மாட்டுவண்டியோடு போட்டியிட்டுக்கொண்டு போன நினைவில், புது மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிட்டால் பழகிவிடும் என்று நம்புகிறார்கள். பழகாது. ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளும் அழுத்தமும்தான். சுமையில்லாமல் ஓடும் எந்திரத்தில் அந்த அழுத்தம் போதிய அளவு பிறப்பதில்லை. போதாக்குறைக்கு, ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரில் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகிறதே என்று ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். பெட்ரோல் வாடை வீசுகிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

ஆகவே வேண்டியது மெதுவும் அல்ல, வேகமும் அல்ல. மாறிமாறி வரும் சுமை. என் மருமகனின் மோட்டாருக்குக் காரைக்குடியில் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்று அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, புது இம்பெல்லர் மாட்டிய பிறகு (ரீபோர் செய்த மோட்டாரும் புது மோட்டார்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்) அதை எப்படிப் பழக்கினோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் 10 மணி நேரக் கணக்கையே பின்பற்றினோம். ஒரே நாளில் முடிக்காமல் நான்கு காலைகளாகப் பிரித்துக்கொண்டோம். நான் முதல் பேருந்தில் போய்விடுவேன். காற்றெழும்பிக் கடல் குலுங்கும் நேரத்தைத் தவிர்த்தோம். அலையில் படகு எழும்பி விழும்போது புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து எந்திரம் திடீரென்று சுமையற்றுச் சீறும். புது மோட்டாருக்கு அது ஆகாது. படகில் நானும் அவனும் மட்டுமே.

சிறிய மோட்டார்களில் சுழற்சி காட்டும் மீட்டர் கிடையாது. அதனால் கைப்பிடி முறுக்கின் பயணத்தை அளந்து, பாதிக்கும் முக்காலுக்கும் என் பேத்தியின் நகச்சாயத்தால் இரண்டு கோடுகள் போட்டேன். அந்த ஒப்பனை இன்றைக்கும் அழியவில்லை. கைகளில் கணக்கு நின்றுவிட்டால் மீட்டர் தேவையில்லை. முதலில் சில நிமிடங்கள் வெறுமனே ஓடி எந்திரம் இளஞ்சூடானது. பிறகு முதல் ஒரு மணி நேரம் கியரில் போட்டு, பாதிக் கோட்டைத் தாண்டாமல், ஆனால் ஒரே இடத்திலும் நிறுத்தாமல், கூட்டியும் குறைத்தும் ஓட்டினோம். இரண்டாவது மணியில் படகு தண்ணீரின் மேல் எழுந்து சறுக்கும் அளவுக்கு முறுக்கி, எழுந்தவுடன் முக்கால் கோட்டுக்குக் கீழே குறைத்து, சற்றுநேரம் ஓடி, மறுபடி இறக்கி மூச்சு வாங்க விட்டோம். மீதி எட்டு மணி நேரம் வேலைக்கே பயன்படுத்தினோம். நண்டு வலை விடவும் எடுக்கவும் போனபோது எந்த வேகத்திலும் ஓட்டலாம், முழு முறுக்கு மட்டும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டோம். உங்கள் மோட்டாரின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். என் கணக்கை அல்ல.

ஓடும்போதெல்லாம் என் கண் பக்கவாட்டுத் தண்ணீர்த் தாரையிலேயே இருந்தது. பாக் நீரிணையில், அதுவும் தொண்டிக் கரையோரத்தில், தண்ணீர் ஆழமில்லை. அடியில் சேறும் கடற்புல்லும். தாழைப்போல் நீளநீளமான புல் தண்ணீர் இழுக்கும் துவாரத்தை மூடிக்கொள்ளும். சேறு இம்பெல்லரை அரம்போல் தேய்க்கும். கரையை விட்டுக் கோலூன்றிச் சற்றுத் தள்ளிய பிறகே மோட்டாரை இறக்குவதும், தாரை மெலிந்தால் உடனே நிறுத்தித் தூக்கிப் புல்லை எடுப்பதும் பழக்கமாக வேண்டும். எங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 2022-ஆம் ஆண்டு கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது இந்தப் புல்வெளிகளுக்காகத்தான். புல்மேய வரும் அந்தப் பிராணியின் முதுகிலும் நம் புரொப்பல்லர் பட வேண்டாம். வேகச் சோதனையைப் புல்லில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மியில் முதல் அரைப்பை வழித்து எறிவதுபோல, முதல் ஆயிலையும் எறிய வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். ஆயில் இன்னும் நிறம்கூட மாறவில்லையே, 100 மணி நேரம் ஓடட்டும் என்பார்கள். 100 மணி நேரம் என்பது பழகிய மோட்டாருக்கு. புது மோட்டாருக்கு முதல் மாற்றம் சுமார் 20 மணி நேரத்திலேயே. நாங்கள் வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் காட்டியபோது, வெள்ளிச் சரிகைத் தூள்போல் மினுமினுப்புத் தெரிந்தது. அது படிமானத்தின் கழிவு, அஞ்ச வேண்டியதில்லை. விரலில் குத்தும் துண்டு வந்தால்தான் அஞ்ச வேண்டும். அதே நேரத்தில் கீழ்க்காலின் கியர் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். அது மோர்போல் வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் நுழைகிறது என்று பொருள். புது கியர் ஆயிலைக் கீழ்த் துவாரத்தின் வழியாக ஏற்றி, மேல் துவாரத்தில் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். பாதி நிரம்பியதையே முழுதும் நிரம்பியதாக எண்ணிவிடுவோம். என் மாணவர்களே இதில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் எல்லாம். பழகிய பிறகு லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு ஒன்று, என்று இருக்கும் மாடல்களில், பழக்கும் நாள்களுக்கு அதை இரட்டிப்பாக்கி லிட்டருக்கு 40 மில்லி கலக்கச் சொல்லியிருப்பார்கள். புகை கூடும், கூடட்டும். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறதே என்று அதை ஊற்றக்கூடாது. குளிர்ந்த கடல் தண்ணீரால் குளிரும் எந்திரத்துக்கென்று தனி ஆயில் இருக்கிறது.

பெட்ரோலைப் பற்றி ஒரு மனக்குறை. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை வந்துவிட்டது. ஆனால் அவுட்போர்டு மோட்டார்களின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே அச்சிட்டிருக்கிறது. எத்தனால் சேரும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த எந்திரத்தில் கலவை சற்று மெலிந்து வெப்பம் கூடும். இன்னும் படியாத பிஸ்டனுக்கு அந்த வெப்பம் நல்லதல்ல. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். கடற்காற்றில் மூடி தளர்ந்து கிடக்கும் கேனில் பல நாள் வைத்த பெட்ரோலில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். மீனவர் என்ன செய்ய முடியும்? அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை நடுவில் மாட்டலாம். வாடைக்காற்று நாள்களில் படகைக் கரையேற்றி வைக்கும்போது கார்புரேட்டரை வடித்துவிடலாம். அதற்கு மேல், இந்தப் பெட்ரோலில் இந்த மோட்டார் ஓடலாமா கூடாதா என்று விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். நான் விசாரித்த இடங்களில் எல்லாம் தோளைக் குலுக்கினார்களே தவிர ஒரு வரி எழுதித் தர யாரும் முன்வரவில்லை.

உப்பைப் பற்றி ஒரு சொல். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்றும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கடற்கரையில், ஓடி வந்த மோட்டாரை ஒரு தொட்டி நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு உள்ளே இருக்கும் உப்பைக் கழுவுவதற்குச் சோம்பல். கீழ்க்காலில் உள்ள துத்தநாகக் கட்டி தான் கரைந்து மற்றதைக் காப்பதற்காக வைத்தது. அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டு, ஏன் காலெல்லாம் பூத்துப்போகிறது என்று கேட்கிறார்கள். முதல் நாளிலிருந்தே இந்தக் கழுவலைத் தொடங்க வேண்டும். உப்பு ஒருமுறை பாறையாகிவிட்டால் தண்ணீருக்கு அசையாது.

நான் வேண்டுவது பெரிதல்ல. மோட்டார் விற்கும் கடைகள், ஒவ்வொரு மோட்டாரோடும் தமிழில் ஒரே ஒரு தாள் தர வேண்டும். அதில் முதல் 10 மணி நேரம் எப்படி ஓட்டுவது, முதல் ஆயில் எப்போது மாற்றுவது, தண்ணீர்த் தாரை நின்றால் என்ன செய்வது என்பன பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கொண்டுவந்து ஒப்படைப்பவர் மோட்டாரைத் தண்ணீரில் இறக்கித்தான் ஓட்டிக்காட்ட வேண்டும். நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டி, விழுந்தால் எந்திரம் நின்றுவிடும் என்பதையும் இழுத்துக் காட்ட வேண்டும். மானியத்தில் மோட்டார் பெறுபவர்களுக்கு மீன்வளத் துறை அந்தத் தாளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், பின்னால் யார் தவறு என்ற வழக்கும் பாதி குறையும்.

என் மருமகனின் படகில் அமரும் பலகைக்கு அடியில் அப்படியொரு தாளை நானே கையால் எழுதி, நனையாமல் லேமினேஷன் செய்து ஒட்டியிருக்கிறேன். பக்கத்துப் படகுக்காரர்கள் மூவர் அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்கள் நாளிதழில் மீனவர் செய்திகள் வெளியாகும் பக்கத்தில் இடம் தர இயலுமானால், தெளிவாக எழுதிய படி ஒன்றை அனுப்பி வைக்கிறேன். 

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சிப் பயிற்றுநர்,
தேவகோட்டை.